முதல் பதிவில் ஒரு திருத்தம்

அசனப் பண்டிகை முடிந்து மூன்றாம் நாள், ஊர்ச் சாப்பாட்டுக்குப் போட்ட வாழை இலைகள் இன்னும் வேதக்கோயில் சுவரோரம் காய்ந்து கிடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, நூற்றைம்பத்தாறு வருசத்துக்கு முன்னால் அதே கோயிலில் கல்யாணமான உலகம்மை, தன் கல்யாணப் பதிவில் ஒரு திருத்தம் செய்யவேண்டும் என்று கோயிலை நடத்தும் தேற்றரவுபுரம் சேகர அலுவலகத்துக்கு வந்தாள். அலுவலகத்தில் எழுத்தர் ஜெபக்கனி மட்டும் இருந்தாள். திருத்தம் என்றதும் அவள் தலையைத் தூக்காமலே, "ஸ்பெல்லிங்கா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருசமாக அந்த மேசைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்தும் பதிவேட்டில் இன்னோர் எழுத்துமாக மாட்டிக்கொண்டு வந்தவர்கள்தான்.

"எழுத்து எனக்குத் தெரியாது," என்றாள் வந்தவள். "நடந்தது ஒண்ணு, எழுதியிருக்கது ஒண்ணு. அதைத் திருத்தணும்."

ஜெபக்கனி நிமிர்ந்து பார்த்தாள். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். இந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் வளர்க்காதபடி காது வடித்துத் தோளில் தொட்டுக்கொண்டிருந்தது. முழங்கால் வரை, ஊருக்குத் தெற்கே கிடக்கிற தேரி மணல்மேட்டின் செம்மண். வாசலிலிருந்து மேசை வரை அவள் நடந்துவந்த தடம் சிமெண்டுத் தரையில் குங்குமம் கொட்டின மாதிரிக் கிடந்தது.

"எந்த வருசம்?"

"வாந்திபேதி வந்த மறுவருசம்."

"யாரு கட்டிவச்சா?"

"ஹார்ட்லி ஐயரு. அப்பத்தான் சீமையில இருந்து வந்திருந்தாரு."

ஜெபக்கனி எழுந்து இரும்பு பீரோவைத் திறந்தாள். விவாகப் பதிவேட்டின் முதல் புத்தகம் அடித்தட்டில், ஒரு பழைய பீடத்துணியில் சுற்றி இருந்தது. அந்தப் புத்தகம் இங்கே வாங்கினதில்லை. ஹார்ட்லி ஐயருடைய தகப்பனார் இங்கிலாந்தில் ஏதோ ஒரு பட்டிக்காட்டுக் கோயிலில் குருவாக இருந்தவர். அவர் எழுதி மிச்சம் விட்டிருந்த பதிவேட்டை, காகிதம் வீணாக வேண்டாமென்று மகன் கப்பலில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதனால் முதல் பதினொரு பக்கமும் அந்த ஊர்க் கல்யாணங்கள். ஏர் உழுகிறவன், பால் கறக்கிறவள், கொல்லன், தாரமிழந்தவன், கைம்பெண் என்று ஆளுக்கொரு வரி, கையெழுத்துத் தெரியாதவர்கள் கிறுக்கின கோணல் சிலுவைகள், ஒவ்வொரு சிலுவைக்கும் பக்கத்தில் இது இன்னாள் இட்ட குறி என்று குருவின் ஒழுங்கான கை. பன்னிரண்டாம் பக்கத்தில் மையின் நிறம் மாறி, எழுத்து தமிழாகி, தேற்றரவுபுரம் தொடங்கியது. எண் ஒன்று. பனையேறி யோசேப்பு, வயது இருபத்துநாலு. திர்சாள், முந்தின பெயர் உலகம்மை, வயது பதினாறு. மூன்று ஞாயிறும் அறிக்கை வாசித்து, தடை சொல்வாரில்லாமல், இருவர் சம்மதத்தோடும்.

"இதுதானா பாருங்க," என்று ஜெபக்கனி வாசித்துக் காட்டினாள்.

"இதேதான். சம்மதத்தோடும்னா போட்டிருக்கு?"

"ஆமா."

"நான் சம்மதிக்கல."

பிறகு அவள் நின்றபடியே சொன்னாள். நம்மூர் ஆட்கள் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள் என்று யாரோ ஹார்ட்லி ஐயருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை அவர் பெரிய பாடமாகப் படித்துவைத்திருந்தார். சம்மதமா என்று அவர் கேட்டபோது உலகம்மை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். ஐயர் சிரித்தார். மாட்டேன் என்று வாயாலும் சொன்னாள். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். குறி போடமாட்டேன் என்று கையை இழுத்தாள். ஐயருக்கு உதவியாக இருந்த உபதேசியார் கையோடு கை பிடித்துப் போட வைத்தார்.

ஜெபக்கனி குனிந்து பார்த்தாள். அந்தச் சிலுவையின் ஒரு கை மட்டும் கட்டத்தைத் தாண்டி ஓரம் வரை நீண்டு இழுபட்டிருந்தது. பேனா வழுக்கியிருக்கும் என்று இத்தனை வருசமாக நினைத்திருந்தாள்.

"யோசேப்பு மோசமான ஆளா?"

"சேச்சே. நல்ல மனுசன். ஒருநாள் கை நீட்டினதில்ல. மூணு பயலுவளப் பெத்தேன். மூணாமத்தவன் எட்டு வச்சு நடந்த பெறகு தெக்குப் பாதையில தேரிக்குள்ள போயிட்டேன்."

"வேற யாரையும் மனசுல வச்சிருந்தியளோ?"

"யாருமில்ல."

"பின்ன இத்தனை காலம் எங்க இருந்திய?"

"நடந்துக்கிட்டிருந்தேன்."

"இப்ப என்னத்துக்குத் திருத்தணும்?"

"மாட்டேன்னு சொன்னேம்லா. அதை எழுதணும்," என்றாள் உலகம்மை.

அவளைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு ஜெபக்கனி அடக்கப் பதிவேடுகளை எடுத்தாள். நான்கு புத்தகம். சாயங்காலம் நாலு மணி வரை விரலை வைத்து வரிவரியாகத் தேடினாள். யோசேப்பின் அடக்கம் இருந்தது, அவருடைய மூன்று மகன்களின் அடக்கம் இருந்தது, பாம்பு கடித்தவர், பனையிலிருந்து விழுந்தவர், பிரசவத்தில் போனவர், கொழும்பிலிருந்து காய்ச்சலோடு வந்து இறங்கினவர் எல்லாரும் இருந்தார்கள். திர்சாள் இல்லை. உலகம்மையும் இல்லை. அடக்கப் பதிவு இல்லாத சபையார் உயிரோடிருக்கிறார் என்று கொள்வதுதான் சேகரத்து வழக்கம். ஆகவே அந்தப் பெண் உயிரோடு இருப்பதில் ஜெபக்கனிக்குச் சந்தேகம் இல்லை. அவளுடைய சந்தேகமெல்லாம், கோயில் கமிட்டித் தேர்தலுக்கு ஒரு மாசம் இருக்கும்போது பார்த்து இவள் ஏன் வந்தாள், தன் வேலைக்கு உலை வைக்க எந்தக் கோஷ்டி இவளை அனுப்பியது என்பதுதான்.

சேகரத்தின் போதகர் சற்குணம் ஐயரும் அதையேதான் கேட்டார். அவர் பதிவேட்டைப் பார்த்தார், நீண்டு கிடந்த குறியைப் பார்த்தார், பெஞ்சில் கால் மணலைத் தட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, "யாரு அனுப்பினதுன்னு விசாரிச்சியா ஜெபக்கனி?" என்றார்.

அதிசயத்தை ஊர் இருட்டுவதற்கு முன்னமே செரித்துவிட்டது. ஏழு தலைமுறைக்கு முன்னால் போனவள் திரும்பி வந்திருக்கிறாள், பசிக்கும், ஒரு வீட்டில் படுக்க வேண்டும், குளிக்க மஞ்சள் வேண்டும் என்று ஆளாளுக்கு ஏற்பாடு செய்தார்கள். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதில்தான் கொஞ்சம் இழுபறி இருந்தது. முகத்தைப் பார்த்தால் பேத்தி வயது, பதிவேட்டைப் பார்த்தால் ஊருக்கே மூத்தவள். கடைசியில் பிள்ளை என்று கூப்பிட்டு நீங்க என்று பேசுவதாக முடிவானது. "பிள்ளை, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு அறுபது வயதுக்காரர்கள் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, ஏன் வந்திருக்கிறாள் என்று ஒருவர் காதை ஒருவர் கடித்துக்கொண்டு போனார்கள்.

ஏனென்றால் தேற்றரவுபுரத்தில் யோசேப்பின் மூன்று மகன்கள் வழியில் வராத குடும்பம் ஒன்றுகூட இல்லை. பிஷப் வந்தாலும், பள்ளி ஆண்டுவிழா நடந்தாலும், எங்கள் ஊர் முறையான திருமணத்தில் தொடங்கிய ஊர் என்று எண் ஒன்றைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்த ஒன்று முறையில்லாதது என்று ஆகிவிட்டால் அதற்குக் கீழே எழுதின ஆயிரத்துச் சொச்சம் பேரும் என்ன ஆவது?

கமிட்டிச் செயலாளர் தவசிமுத்து, இது எதிர்க்கோஷ்டித் தலைவர் கோயில்ராஜின் வேலை என்றார். தவசிமுத்துவின் மகள் பியூலாவுக்கு அப்போதுதான் கோயிலில் கல்யாண அறிக்கை வாசிக்கத் தொடங்கியிருந்தது. முதல் ஞாயிறு முடிந்து இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி. பதிவேட்டில் வழக்கு இருந்தால் புதுப்பதிவு எழுதமுடியாது, தன் மகள் கல்யாணத்தை நிறுத்தத்தான் எதிர்க்கோஷ்டி இந்தப் பெண்ணைத் தேரியிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்திருக்கிறது என்று அவர் நம்பினார். கோயில்ராஜோ, தேர்தலைத் தள்ளிப்போடத் தவசிமுத்துதான் இவளைக் கூட்டிவந்திருக்கிறார் என்று பால் டெப்போவில் வைத்துச் சொன்னார். இருவரும் தனித்தனியாக அவளைச் சோதித்தார்கள். அப்போது கோயிலுக்கு எத்தனை படி? மூன்று, நடுப்படி உடைந்தது. மணி எதில் தொங்கியது? இரட்டைப் பனையில் கட்டின விட்டத்தில். உங்கள் இரண்டாவது மகனுக்கு என்ன அடையாளம்? ராத்திரி தவறாமல் படுக்கையில் மூத்திரம் போவான்.

இரண்டாவது மகன் வகையறாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கேள்விக்காவது தப்பாகப் பதில் சொல்லியிருந்தால் ஊர் அவளை நம்பியிருக்கும். எல்லாம் சரியாகச் சொன்னதால், யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பது உறுதியாகிவிட்டது.

எந்தக் கோஷ்டி வீட்டில் தங்கினாலும் அந்தக் கோஷ்டி ஆள் ஆகிவிடுவாள் என்பதால், உலகம்மை ஜெபக்கனி வீட்டில் தங்கினாள். அதனால் ஜெபக்கனி மேலேயும் சந்தேகம் விழுந்தது. ஜெபக்கனிக்கோ உலகம்மை மேலிருந்த சந்தேகம் போகவில்லை. அவள் அரிசி களைவதையும், ஸ்விட்சைப் போட்டு விளக்கு எரிவதை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி அதைத் தொடாமல் இருப்பதையும், யாரைப் பற்றியும் எதுவும் விசாரிக்காமல் இருப்பதையும் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மத்தியானம் அலுவலகத்தில் உலகம்மை முதல் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பதினொரு பக்கத்து வெள்ளைக்காரச் சிலுவைகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இவளுவளும் எழுதப்படிக்கத் தெரியாதவளுவளா?"

"ஆமா. சீமைக்காரிய. மாடு மேய்க்கிறவ, பால் கறக்கிறவ."

"இவளுவளக் கேட்டாங்களா?"

ஜெபக்கனி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருசம் அந்தப் பக்கங்களைக் கரையான் இருக்கிறதா என்று மட்டும்தான் புரட்டியிருக்கிறாள்.

அந்த வாரத்திலிருந்து பெண்கள் அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் டெய்லர் கடை எஸ்தர். தன் கல்யாணப் பக்கத்தைச் சும்மா பார்க்கவேண்டும் என்றாள். பார்த்தாள். இருவர் சம்மதத்தோடும் என்ற இடத்தில் விரலை வைத்தாள், சரி வாறேன் என்று போய்விட்டாள். மறுநாள் மூன்று பேர். அதற்கு மறுநாள் பீடி சுற்றுகிறவர்கள், சத்துணவு டீச்சர், அறுபதைத் தாண்டினவர்கள், போன தை மாசம் கட்டிக்கொண்டு வந்தவள் எல்லாரும் குடையும் பையுமாக வரிசையில் நின்று, பெயரையும் வருசத்தையும் சொல்லி, தங்கள் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார்கள். அவர்கள் ஒன்றும் பேசாததுதான் ஆண்களுக்குத் தாங்கவில்லை. உன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டார்கள். எல்லாருக்கும் இருக்கிறதுதான் இருக்கிறது என்று பதில் வந்தது. பின்னே எதற்குப் போனாய் என்ற கேள்விக்கு ரசம்தான் வந்தது.

ஜெபக்கனியின் புருசன் அதிசயராஜ் அந்த ஊரின் கல்யாண போட்டோகிராபர். இருபத்தைந்து வருசத்துக் கல்யாணங்களை அவர்தான் படம் பிடித்தவர். ஊர் ஆண்கள் ஒவ்வொருவராக அவர் ஸ்டூடியோவுக்கு வந்து, சம்மதமா என்று கேட்கும் நேரத்தில் எடுத்த படம் இருக்கிறதா, அதில் தன் பெண்டாட்டி முகத்தைப் பெரிதாக்கித் தரமுடியுமா என்று கேட்டார்கள். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் புள்ளிபுள்ளியாக உடைந்து, சம்மதமா இல்லையா என்பது இன்னும் குழம்பிப்போனது. ஒரு சாயங்காலம் அதிசயராஜ் தன் சொந்தக் கல்யாணப் படத்தை எடுத்துவைத்து, பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதுல நீ எங்க பாத்துக்கிட்டிருக்க?" என்றார்.

ஜெபக்கனி எட்டிப்பார்த்தாள். "ஃபேனை."

"என்னைப் பாக்கல?"

"அது கடகடன்னு ஆடிக்கிட்டிருந்திச்சு. தலையில விழுந்திருமோன்னு பயம்."

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "உண்மையைச் சொல்லு. உனக்கு அன்னைக்குச் சம்மதம் இல்லையா?"

"ஐயர் கேட்டாரு, சொன்னேன். அதுக்கு முந்தி வீட்டுல யாரும் கேக்கல," என்றாள் ஜெபக்கனி. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அப்போதுதான் முதல்முறையாக யோசித்தாள். "உங்களைக் கேட்டாங்களா?"

அதிசயராஜ் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். மாப்பிள்ளை மாலைக்குள் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

இரண்டாம் அறிக்கை வாசித்த ஞாயிறு மத்தியானம் கோயிலை ஒட்டிய வெஸ்திரி அறையில் கமிட்டி கூடியது. பெண்கள் வெளியே ஜன்னலோரம் கூடினார்கள். சேகர விதிப்படி பதிவேட்டின் பழைய எழுத்தை அழிக்கக்கூடாது. திருத்தத்தை ஓரத்தில் எழுதி, காதால் கேட்ட இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடவேண்டும். தவசிமுத்து விதிப் புத்தகத்தைத் தட்டி அதை வாசித்தார்.

"அன்னைக்குக் கோயில்ல இருந்த சாட்சி ரெண்டு பேரைக் கொண்டாங்க. எழுதிருவோம். எல்லாரும் கல்லறையில இருக்காங்க. அப்ப விசயம் முடிஞ்சுது," என்றார். நெடுநாளைக்குப் பிறகு கோயில்ராஜ் அவர் சொன்னதற்குத் தலையாட்டினார். எண் ஒன்று விழுந்தால் அவருடைய வகையறாவும்தான் விழும்.

உலகம்மை கதவோரம் நின்றிருந்தாள். "அப்பக் கேட்டவங்க செத்துப்போனாங்க," என்றாள். "இப்பக் கேளுங்க. இப்ப இருக்கவங்க கேக்கட்டும்."

சற்குணம் ஐயர் ஒருவரையும் பார்க்காமல் ஜெபப்புத்தகத்தைத் திறந்தார். முப்பது வருசம் வாசித்த பக்கம், தானாக விரிந்தது. "திர்சாளே, இந்த யோசேப்பை உன் புருஷனாக ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா?"

"மாட்டேன்," என்றாள் உலகம்மை.

அறையில் இருந்த பதினேழு பேரும் கேட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்களும் கேட்டார்கள். கோயில் விழவில்லை, யாருடைய தகப்பன் பெயரும் அழிந்துபோகவில்லை, எங்கோ ஒரு கோழி கத்தியது. ஆனாலும் ஆண்கள் எல்லாரும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

"அப்ப எங்க ஊரு முறை தவறின ஊரா?" என்று தவசிமுத்து எழுந்து கத்தினார். "இவ யாரு சொல்லிக்கொடுத்து இதைச் சொல்லுதா? நீயா ஜெபக்கனி?"

ஜெபக்கனி பேனாவின் மூடியைத் திறந்தாள். "கல்யாணம் நடந்திருக்கு அண்ணாச்சி. பிள்ளைய பெறந்திருக்கு, நாம இருக்கோம். அதை நான் தொடல. சம்மதம் நடக்கல. அதையும் எழுதுதேன். ரெண்டும் நடந்ததுதானே," என்றாள். ஐயர் தடுப்பார் என்று ஒரு கணம் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இழுபட்ட சிலுவை முடிந்த இடத்துக்குக் கீழே, ஓரத்தில், அவள் எழுதினாள்: மணமகள் தலை அசைத்தது மறுப்பு. வாயாலும் மறுத்தாள். கேட்டவருக்கு விளங்கவில்லை. கீழே முதல் சாட்சியாகத் தன் பெயரைப் போட்டாள்.

இரண்டாம் சாட்சிக்கு ஆள் இல்லை. கையெழுத்துப் போட்டால் எந்தக் கோஷ்டி ஆவோம் என்று ஒவ்வொருவரும் கணித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஜன்னல் கம்பிக்குள் கை நீட்டினார்கள், ஆனால் புத்தகம் அதுவரை எட்டவில்லை. கடைசியில் கேமராப் பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்று கேட்டிருந்த அதிசயராஜ் உள்ளே வந்து, பேனாவை வாங்கி, தன் பெயரை இனிஷியலோடு எழுதினார். அவருக்குப் பெண்டாட்டி மேலிருந்த சந்தேகம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், தீரவில்லை. எழுதிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார், அது தெரிந்தது.

மூன்றாம் அறிக்கையும் வாசித்து, அடுத்த வெள்ளிக்கிழமை பியூலாவின் கல்யாணம். தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற எட்வின் மாப்பிள்ளை. கோயில் கொள்ளாத கூட்டம். கல்யாணத்தைப் பார்க்க வந்தவர்களைவிட, பியூலாவின் வாயைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். ஐயர் எட்வினைக் கேட்டார். அவன் சம்மதம் என்றான், யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிறகு பியூலாவைக் கேட்டார். மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், ஒரு சொல்கூடக் காற்றில் போய்விடக்கூடாதென்று.

"சம்மதம்," என்றாள் பியூலா, பின்வரிசை வரை கேட்கும்படி.

யாரும் நம்பவில்லை. ஐயருக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரம் சொன்னாள். பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது, அதிசயராஜ் கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார், மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் பட்டுவேட்டி சரசரக்கத் தவசிமுத்து எழுந்தார். ஊரின் சந்தேகத்தை அடக்கத்தான் எழுந்தார். ஆனால் வாயைத் திறந்தபோது அவருடைய சொந்தச் சந்தேகம்தான் வெளியே வந்தது.

"உண்மையாவா சொல்லுத, பியூலா?"

பியூலா முகத்திரையைத் தூக்கிவிட்டுத் தகப்பனைப் பார்த்தாள். "இப்பத்தான் கேக்கியளாப்பா?" என்றாள்.

பிறகு பூச்செண்டை ஐயர் கையில் கொடுத்துவிட்டு, எட்வினிடம், "கொஞ்சம் வெளிய வாறியளா, பேசணும்," என்று சொல்லி, நடுப்பாதை வழியாக நடந்து வெளியே போனாள். எட்வின் சட்டைக்காலரைத் தளர்த்திக்கொண்டு பின்னால் போனான். இருவரும் ரோட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக் கூரையின் கீழே, சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஊர் முழுக்கக் கோயில் வாசலுக்கு வந்து நின்றது. அங்கிருந்து பார்த்தால் வாய் அசைவது தெரியும், சத்தம் வராது. அவள் பேசினாள், அவன் கேட்டான். அவன் பேசினான், அவள் சேலை நுனியை முறுக்கினாள். ஓடிப்போகத் திட்டம் போடுகிறார்கள் என்றார் ஒருவர். அவன் முடியாதென்கிறான் என்றார் இன்னொருவர். பந்தியில் பிரியாணி அண்டாக்களைத் திறக்கவா வேண்டாமா என்று சமையல்காரர் இரண்டு தரம் ஆள் அனுப்பினார். போய் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுவா என்று ஆளாளுக்கு அடுத்தவரைத் தள்ளினார்கள், ஒருவரும் ரோட்டைத் தாண்டவில்லை.

ஒரு மணிக்குத் திருச்செந்தூர் பஸ் வந்து நின்று இரண்டு பேரையும் மறைத்தது. தவசிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். எல்லாருடைய கண்ணும் பஸ்ஸின் சக்கரங்களுக்கு அடியில் தெரிகிற கால்களைத் தேடியது. ஜெபக்கனி மட்டும் பஸ்ஸின் முன்பக்கத்தைப் பார்த்தாள். வடித்த காதை முந்தானையால் மூடிக்கொண்டு உலகம்மை முன்னால் சுற்றிப்போய் ஏறி, டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காலையில் வீட்டில் அவள் தன் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தது ஏன் என்று ஜெபக்கனிக்கு இப்போது புரிந்தது. கையைத் தூக்கினாள். உலகம்மை பார்த்தாளா என்று தெரியவில்லை. பஸ் நகர்ந்தது.

பெஞ்சில் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். எட்வின் ஏதோ சொல்ல, பியூலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மறுபடி முகம் கடுகடுத்தது, மறுபடி பேச்சு. ஒன்றரைக்கு எழுந்து உள்ளே வந்தார்கள். ஐயர் மூன்றாம் முறை கேட்டார். இரண்டு பேரும் சம்மதம் என்றார்கள், இந்த முறை மெதுவாக, ஐயருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஆறின பிரியாணியை ஊர் சாப்பிட்டது. அந்த முக்கால் மணிநேரம் அவர்கள் என்ன பேசினார்கள் என்பதைப் பற்றித் தேற்றரவுபுரத்தில் இன்றைக்கும் ஆறேழு கதைகள் உண்டு, ஒன்றுக்கொன்று ஒட்டாது.

வெஸ்திரியில் பியூலா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஜெபக்கனி மை உலர்த்தும் தாளோடு பக்கத்தில் நின்றாள். பியூலா பேனாவை வைக்காமல், உதடு அசையாத மாதிரி, இரண்டே வாக்கியம் சொன்னாள். ஜெபக்கனி தாளை அழுத்தி எடுத்துவிட்டு, சரிம்மா என்றாள்.

எல்லாரும் போனபிறகு தவசிமுத்து தனியாக வந்தார். மாலையைக் கழற்றியிருந்தார்.

"என்ன பேசினாங்கன்னு உனக்கு ஏதும் தெரியுமா ஜெபக்கனி?"

"தெரியாது அண்ணாச்சி."

"நெசமா?"

"நெசமாத்தான்."

அவர் நம்பவில்லை. அந்த மூன்று வாரத்தில் தேற்றரவுபுரத்தில் எழுந்த சந்தேகங்களிலேயே அது ஒன்றுதான் சரியான சந்தேகம். ஜெபக்கனி புத்தகத்தைப் பீடத்துணியில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.